குட்டை மேப்பிளும் கத்தரிப் பாத்தியும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே திருத்தி எழுதப்பட்டது.)



செயலாளர் அவர்கள் போன் செய்து, "வெளிநாட்டு வேலை, மேல்படிப்பு பத்தியெல்லாம் நாலு பேர் பேசறாங்க. நீ வேற ஏதாவது பேசுப்பா" என்றார். "மரம் வளர்க்கிறதைப் பத்திப் பேசட்டுமா சார்?" என்றேன். "தாராளமா" என்றார். வேப்ப மரமோ புங்க மரமோ என்று நினைத்திருப்பார். நான் பேசப் போவது ஜப்பான் மேப்பிள், அதிலும் குட்டை ரகம். அந்த மரம் இந்த ஊர் மண்ணில் வளரவே வளராது. பிறகு எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். கடைசி வரை பொறுத்தால் தெரியும்.

நான் 2010ல் இங்கே சிவில் முடித்தவன். இப்போது அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். அஸ்திவாரத்துக்கு மண் ஆய்வு செய்வது என் தொழில். மண்ணைத் தோண்டி எடுத்து, இது எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று எழுதிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்று வருகிறது.

முதலில் மரத்தை அறிமுகம் செய்து விடுகிறேன். ஜப்பான், கொரியா காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் வளரும் ஜாதி இது. இலை, விரல்களை விரித்த உள்ளங்கை மாதிரி இருக்கும். ஸ்வீடன் நாட்டு டாக்டர் துன்பெர்க் என்பவர் டச்சுக் கம்பெனியின் வைத்தியராக ஜப்பான் போய் வந்து, 1784ல் இதற்கு ஏசர் பால்மேட்டம் என்று பெயர் வைத்தார். பால்மேட்டம் என்றாலே உள்ளங்கை மாதிரி என்றுதான் அர்த்தம். ஜப்பான்காரர்கள் அதற்கு முன்பே வேறு கையைப் பார்த்து விட்டார்கள். கயேதே என்கிற அவர்கள் பெயருக்கு மூலம் தவளைக் கை! வசந்தத்தில் துளிர் ஒரு நிறம், கோடையில் ஒரு நிறம், இலையுதிர் காலத்தில் நெருப்பு நிறம். பிறகு மொட்டையாகக் குளிர்காலம் முழுக்கத் தூங்கும். அந்தத் தூக்கம் இல்லாவிட்டால் பிழைக்காது. நம் சமவெளியில் வளராததற்குக் காரணம் வெயில் மட்டுமல்ல, குளிர்காலத் தூக்கம் கிடைக்காததும்தான். ஆகவே கன்றையோ விதையையோ பெட்டியில் போட்டு எடுத்து வரும் யோசனை யாருக்கும் வேண்டாம். அனுமதி இல்லாமல் கொண்டு வருவது சட்டப்படியும் தப்பு.

நாங்கள் இருக்கும் பகுதி இந்த மரத்துக்குத் தாய்வீடு மாதிரி. ஓரிகனில் நர்சரிகள் ஏராளம். இந்த மரங்களைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த முக்கியமான புத்தகத்தை 1978ல் எழுதிய வெர்ட்ரீஸ், அதே மாநிலத்து ரோஸ்பர்க் ஊர்க்காரர். போர்ட்லாந்து ஜப்பானியத் தோட்டத்தை 1963ல் டகுமா டோனோ என்கிற பேராசிரியர் வடிவமைத்தார். அங்கே ஒரு சிறிய சரிவில் குடை விரித்த மாதிரி ஒரு மேப்பிள் நிற்கிறது. அக்டோபர் கடைசியில் அதைப் படம் எடுக்க காமிராக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன். வீட்டுக்கு வந்து என் பின்புறத் தோட்டத்தைப் பார்த்தேன். பதினாறு அடிக்குப் பன்னிரண்டு அடி. நம்ம ஹாஸ்டல் ரூமை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

சின்ன இடத்துக்கு மரம் தேடுகிறவர்கள் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நர்சரியில் மூன்றடி உயரத்தில், அழகாகச் சிவந்து, தொட்டியில் நிற்கும். சீட்டில் 'குட்டை ரகம், ஆறு அடி' என்று போட்டிருக்கும். பல சமயம் அந்த ஆறு அடி என்பது பத்து வருஷக் கணக்கு. பத்து வருஷத்தோடு மரம் வளர்வதை நிறுத்திக் கொள்ளாது. 'குட்டை' என்றால் மெதுவாக வளரும் என்று அர்த்தமே தவிர, வளர்ச்சி நின்று விடும் என்று அர்த்தம் இல்லை. நாம் பாலம் கட்டும்போது இன்றைய வண்டிகளை எண்ணியா கட்டுகிறோம்? இருபது வருஷம் கழித்து வரப்போகும் சுமையைக் கணக்குப் போடுகிறோம் அல்லவா? மரத்துக்கும் அதே கணக்குத்தான்.

சில ரகங்களைச் சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் நம்ம ஆட்கள் குறித்துக் கொள்ளலாம்.

எல்லாக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும் பிளட்குட் ரகத்தைச் சின்னத் தோட்டத்துக்கு வாங்காதீர்கள். நல்ல மரம்தான். ஆனால் பதினைந்து, இருபது அடி போகும். ஜன்னலை மறைத்த பிறகு வெட்டத் தொடங்குவீர்கள், வெட்ட வெட்ட அதன் அழகு போய்விடும். அந்தச் சிவப்புத்தான் வேண்டும் என்றால் ஷைனா என்று ஒன்று இருக்கிறது. பிளட்குட் மரத்தின் கிளை ஒன்றில் நெருக்கமாகக் கொத்தாக முளைத்த குச்சிகளிலிருந்து ஒட்டுக் கட்டிப் பெருக்கிய ரகம். பந்து போல அடர்ந்து, ஆறு அடிக்குள் நிற்கும்.

கிரிம்சன் குயின் போன்ற நூலிலை ரகங்கள் குடை போலக் கவிந்து தொங்கும். இவற்றில் உயரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, அகலத்தைப் பார்க்க வேண்டும். வயதான மரம் பத்து, பன்னிரண்டு அடி விரியும். நடைபாதை ஓரத்தில் வைத்தால் பத்து வருஷத்தில் மரத்துக்கு வழிவிட்டு நீங்கள் சேற்றில் நடக்க வேண்டியிருக்கும்.

ஷிஷிகாஷிரா என்றால் சிங்கத் தலை. சுருள் சுருளான பச்சை இலை, பிடரி மாதிரி. மற்றதெல்லாம் உதிர்ந்த பிறகு, கடைசியாகப் பொன்னும் ஆரஞ்சுமாக மாறும். மிக மெதுவாக வளரும். ஆனால் நாள்பட்ட மரம் பன்னிரண்டு, பதினைந்து அடியைத் தொடும்.

உண்மையிலேயே சின்ன இடம், மாடி பால்கனி, தொட்டி என்றால் ஜப்பானில் யட்சுபுசா என்று சொல்லும் வகையைத் தேட வேண்டும். மொட்டுகள் நெருக்க நெருக்கமாக இருக்கும், கணு இடைவெளி குறைவு. மிகாவா யட்சுபுசாவில் இலைகள் ஓட்டுக் கூரை போல ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். பத்து வருஷத்தில் மூன்று, நான்கு அடிதான். கியோஹிமே உயராமல் பக்கவாட்டில் படரும். கமகட்டா என்பது வெர்ட்ரீஸ் தேர்ந்தெடுத்த ரகம், மெல்லிய சின்னச் சின்ன இலை.

எதை வாங்கினாலும் அடித்தண்டைப் பாருங்கள். இவை பெரும்பாலும் ஒட்டு மரங்கள். ஒட்டுக்குக் கீழே இருப்பது சாதாரண மேப்பிள் கன்று. அங்கேயிருந்து கிளை வந்தால் உடனே வெட்டி விட வேண்டும். விட்டு வைத்தால் அது வேகமாக வளர்ந்து, காசு கொடுத்து வாங்கிய குட்டை மரத்தை அமுக்கி விடும். பலபேர், "எங்க வீட்டு மரம் ரகம் மாறிப் போச்சு" என்பார்கள். மாறவில்லை. மேலே இருந்தது போய், கீழே இருந்தது மேலே வந்து விட்டது.

இவ்வளவையும் நான் படித்தேன். அளவு எடுத்தேன், காகிதத்தில் வட்டம் போட்டேன், வெயில் எந்தப் பக்கம் வருகிறது என்று குறித்தேன். இத்தனையும் செய்துவிட்டுக் கோட்டை விட்டேன். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

2019 மே மாதம் அப்பாவும் அம்மாவும் எங்களோடு இருக்க வந்தார்கள். என் வகுப்புத் தோழர்களுக்கு அப்பாவைத் தெரியும். முதல் வருஷம் ஹாஸ்டலில் விட வந்தபோது, வார்டனிடம் மெஸ் தோட்டத்து வாழைக்கு முட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனவர். அவருக்கு அங்கே சும்மா உட்கார முடியவில்லை. வேலி ஓரமாகப் புல்லைக் கொத்திப் பாத்தி போட்டு, கடையிலிருந்து வாங்கின கத்தரி, தக்காளி நாற்றுகளை வைத்தார். ஜூலையில் வாரத்துக்கு இரண்டு நாள் எங்கள் வீட்டில் எண்ணெய்க் கத்தரிக்காய்தான்.

ஆகஸ்ட் கடைசியில் இரண்டு கத்தரிச் செடி ஒரு பக்கமாக வாடியது. தண்ணீர் இருக்கிறது, ஆனால் பாதிச் செடி தொங்குகிறது. அப்பா தண்டைக் கிள்ளிப் பார்த்தார். "இது வாடல் நோய்டா. மண்ணுல இருக்கு. இந்த இடத்துல அடுத்த வருஷம் எதையும் வைக்காத" என்றார். நான் லேப்டாப்பைப் பார்த்துக் கொண்டே "சரிப்பா" என்றேன். அக்டோபரில் ஊருக்குத் திரும்பினார்கள்.

2020 ஆகஸ்டில் அப்பா போய்விட்டார். அந்த வருஷம் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். விமானம் கிடைக்கவில்லை. நான் எல்லாவற்றையும் போன் திரையில்தான் பார்த்தேன். தம்பி கொள்ளி வைத்தான். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று நினைக்கிறேன்.

2021 மார்ச்சில் அப்பா பெயரில் ஒரு மரம் வைக்கத் தோன்றியது. ஷிஷிகாஷிரா வாங்கினேன், நூற்றறுபது டாலர். எங்கே வைப்பது? அவர் கொத்திய பாத்தியில்தான் என்று மனசு சொன்னது. அவர் சொன்ன வார்த்தை ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. "அது கத்தரிக்குச் சொன்னது, இது மரம்தானே" என்று நானே சமாதானம் சொல்லிக் கொண்டேன்.

ஜூன் மாதம் வெயில் அடித்தது பாருங்கள்! 2021 ஜூன் 28ஆம் தேதி போர்ட்லாந்தில் 116 டிகிரி பாரன்ஹீட், அதாவது செல்சியஸில் 46க்கும் மேலே. நம்ம வேலூர்க்காரர்களே மிரளுகிற வெயில், குடைகூட இல்லாத ஊரில். மூன்று நாளில் இலையெல்லாம் வறுத்த அப்பளம் ஆகிவிட்டது. பெட்ஷீட்டைக் கட்டி நிழல் கொடுத்தேன். அப்போது கற்றுக் கொண்டது இது: இலை கருகினால் மரம் செத்தது என்று அர்த்தம் இல்லை. அவசரப்பட்டுக் கவாத்துச் செய்யக் கூடாது, உரம் போடக் கூடாது. வேர் காயாமல் தண்ணீர் விட்டுப் பொறுத்திருக்க வேண்டும். ஆகஸ்டில் புதுத் துளிர் வந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

2022 ஜூலையில் ஒரு கிளை வாடியது. மற்ற கிளைகள் எல்லாம் பச்சை. வெட்டிப் பார்த்தால் தோலுக்கு உள்ளே கட்டையில் கறுப்பும் பச்சையுமாகக் கோடுகள். அடுத்த வருஷம் இன்னும் இரண்டு கிளைகள். கிளைத் துண்டைத் தாவர நோய்ச் சோதனைச் சாலைக்கு அனுப்பினேன். வெர்ட்டிசிலியம் என்கிற பூஞ்சணம் என்று முடிவு வந்தது. மண்ணில் இருந்து, வேர் வழியாக ஏறி, தண்ணீர் போகும் குழாய்களை அடைத்து விடும். மரத்தை அடித்து எழுப்பும் மருந்து கிடையாது. போனில் பேசிய அம்மையார் கேட்ட முதல் கேள்வி: "அந்த இடத்தில் முன்பு என்ன பயிர் செய்தீர்கள்?"

கத்தரியும் தக்காளியும் என்றேன். இந்தப் பூஞ்சணம் அவற்றுக்கும் வரும், மேப்பிளுக்கும் வரும், மண்ணுக்குள் பல வருஷம் காத்திருக்கும் என்று விளக்கினார். அப்பா கத்தரிக்குச் சொன்னது என்று நான் நினைத்தேன். அவர் மண்ணுக்குச் சொல்லியிருக்கிறார். 'எதையும் வைக்காத' என்றுதான் சொன்னார். 'கத்தரி வைக்காத' என்று சொல்லவில்லை.

நண்பர்களே, வேலையில் நான் ஒரு தூண் நிற்க வேண்டுமென்றால் துளை போட்டு, மண் எடுத்து, அந்த இடத்தில் முன்பு குளமா, குப்பைமேடா என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்களை எல்லாம் விசாரிக்கிறவன். சொந்த வீட்டில், சொந்த அப்பா வாயால் சொன்ன மண் ஆய்வு அறிக்கையை வாசிக்காமல் விட்டேன். 2023 அக்டோபரில் அந்த மரத்தை வெட்டி எடுத்தேன். கத்தரிக்கோலையும் ரம்பத்தையும் ஸ்பிரிட்டால் துடைத்தேன். கட்டையை உரக்குழியில் போடாமல் அப்புறப்படுத்தினேன்.

இப்போது அந்தப் பாத்தியில் ஹினோக்கி என்கிற ஜப்பான் ஊசியிலை மரத்தின் குட்டை ரகம் நிற்கிறது. ஊசியிலை மரங்களை இந்த நோய் தொடுவதில்லை. மேப்பிளைத் தொட்டியில் வைத்தேன், மிகாவா யட்சுபுசா. சின்னத் தோட்டக்காரர்களுக்கும் வாடகை வீட்டுக்காரர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: குட்டை மேப்பிளுக்குத் தொட்டி மிகப் பொருத்தம். வேர் ஆழமாகப் போகாது, மேலாகவே நார் நாராகப் பரவும். வீடு மாறினால் கூடவே வரும்.

தொட்டியில் நாம் எல்லோரும் செய்யும் தப்பு, அடியில் ஜல்லி, ஓட்டுச் சில்லு என்று ஒரு அடுக்குப் போடுவது. தண்ணீர் வடியும் என்று நினைக்கிறோம். மூன்றாம் வருஷம் சாயில் மெக்கானிக்ஸ் லேபில் நுண்குழாய் ஏற்றம் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பொடி மண்ணில் இருக்கும் தண்ணீர், கீழே பெரிய கல் வந்ததும் சுலபத்தில் இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க நனைந்து நிரம்பிய பிறகுதான் சொட்டும். ஆகவே ஜல்லி போட்டால் ஈரச் சகதி மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்து விடும். துளைக்கு மேலே மண் போகாமல் ஒரு வலைத் துண்டு போதும். அந்தப் பரிசோதனையில் நான் ரீடிங்கைப் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதினேன். சாருக்கு இன்று ஒப்புக் கொள்கிறேன்.

தோட்டத்து மண்ணைத் தொட்டியில் போடாதீர்கள். பொடித்த மரப்பட்டை, பியூமிஸ் கல், கொஞ்சம் மக்கு, இவை போதும். தொட்டி வேர்க்கட்டியை விடச் சற்றே பெரிதாக இருக்கட்டும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, துளிர் விடுவதற்கு முன், எடுத்து ஓர வேரைக் கத்தரித்துப் புது மண் போடுங்கள். காலை வெயில், பிற்பகல் நிழல். கடுங்குளிரில் தொட்டியைச் சுவரோரம் நகர்த்துங்கள். கிளை தாங்கும் குளிரைத் தொட்டிக்குள் இருக்கும் வேர் தாங்காது.

தரையில் வைப்பவர்கள் முதலில் ஓரடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, கடிகாரத்தைப் பாருங்கள். மணிக்கு ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அங்கே மேப்பிள் வேண்டாம், அல்லது மேட்டுப் பாத்தி கட்டுங்கள். தண்டு வேராக விரியும் இடம் தரைக்கு மேலே தெரியும்படி நட வேண்டும். மூடாக்கு இரண்டு அங்குலம், தண்டைத் தொடாமல். உரம் கொஞ்சம் போதும், அதிகமானால் நெடுநெடுவென்று வளர்ந்து குட்டையின் குணம் கெடும்.

தண்ணீருக்கு நான் முதலில் டைமர் வைத்தேன். மழை வாரத்திலும் அது கடமை தவறாமல் ஊற்றியது. கழற்றிப் போட்டேன். இப்போது விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்கிறேன். அப்பா அப்படித்தான் பார்ப்பார்.

2024 இலையுதிர் காலத்தில் அம்மா வந்திருந்தார்கள். தொட்டியைப் பார்த்து, "இத்துனூண்டு செடிக்கா இத்தனை பாடு?" என்றார்கள். அடுத்த வாரம் அது ஆரஞ்சாக மாறத் தொடங்கியது. தினம் காலையில் காப்பித் தம்ளரோடு அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கொண்டார்கள். ஒருநாள், "உங்கப்பா இருந்தா இதுக்கும் முட்டுக் கொடுத்திருப்பார்" என்றார்கள். இருவரும் சிரித்தோம். அழுதோம் என்றும் சொல்லலாம்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் இந்த மரத்தை வளர்க்கப் போவதில்லை. ஆனால் இடங்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள், வேலையிடம், வீடு, ஊர் எல்லாம். விருப்பத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இடத்தை விசாரியுங்கள். பத்து வருஷத்தில் என்ன ஆகும் என்பதோடு நிறுத்தாமல் இருபது வருஷத்தில் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று தெரிந்த ஒருவர் ஏதாவது சொன்னால், தயவுசெய்து லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

சாப்பாடு தயார் என்று செயலாளர் கை காட்டுகிறார். மெனுவில் எண்ணெய்க் கத்தரிக்காய் உண்டு என்று கேள்விப்பட்டேன்.